நெற்றிக்குப் பின்னால்

காசி விசுவநாதர் துணை

தென்காசி,
11 ஜூன் 2025

மதினி உலகம்மாள் அவர்களுக்கு, தம்பி மனைவி குழல்வாய்மொழி வணக்கத்துடன் எழுதுவது.

திங்கட்கிழமை காலை, உங்கள் மகள் அபர்ணாவின் மறுவீட்டுச் சாப்பாட்டுக்காக மண்டபத்துச் சமையல்கட்டில் இருந்தவர்கள்: நீங்கள், உங்கள் தம்பி, காய் நறுக்குகிற மாடக்கண்ணு, தேங்காய் திருகிப் பால் பிழிந்த மேலகரத்துப் பெண்கள் இரண்டு பேர், தூணோரமாக நான். வேறு யாரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அப்போது முன்கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அபர்ணா மாடியில் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. அங்கே இல்லாதவர்கள்கூட இப்போது, நான் குறுக்கே பேசி அவர் கையைத் தடுத்தேன், அதனால்தான் தேங்காய்ப்பால் சொதி திரிந்தது என்கிறார்கள். நான் தூணைவிட்டு நகரவில்லை. வாய் திறக்கவில்லை. அப்படி நிற்கச் சொன்னவர் நீங்கள்தான். "ஏட்டி குழலு, இன்னைக்கு ஒரு நாளாவது என் தம்பியத் தனியாச் செய்யவிடு. எப்பப் பாத்தாலும் முதுகுக்குப் பின்னால நின்னு ஓதிக்கிட்டே இருக்கே" என்றீர்கள். சரி என்று ஒதுங்கினேன்.

நடந்தது இதுதான். தேங்காய்ப் பால் மூன்று பாத்திரங்களில் தனித்தனியாக இருந்தது. அந்தப் பெண்களுக்கு அவர் விளக்கமாகச் சொன்னார்: "இங்கேரு தாயி, மூணாம் பால்லதான் காய் வேகணும். வெந்தப்புறம் பருப்பும் ரெண்டாம் பாலும். முதப்பால் கடேசில. ஊத்தி நுரை கூடுனதும் எறக்கிப்புடணும், கொதிச்சுதுன்னா போச்சு." ஒரு சொல் பிசகில்லை. சொல்லிக்கொண்டே, கைக்குப் பக்கத்தில் இருந்த முதல் பாலை எடுத்து, கொதிக்கிற அண்டாவில் ஊற்றினார். வெள்ளை திரிதிரியாகப் பிரிந்தது. "அடடா, திரிஞ்சு போச்சே" என்று அவரே சொன்னார். பக்கத்தில் வாழையிலைக் கட்டு கிடந்தது. அதை அவிழ்த்து ஒவ்வோர் இலையாகத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் கத்தியபோதும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னதை நான் திருப்பி எழுதவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் குறைந்துகொண்டே போகிறது, இனித் தள்ளக்கூடாதாம். ஜூலை ஏழாம் தேதி. ஆஸ்பத்திரியில் துணைக்குத் திருவேங்கடத்திலிருந்து என் தங்கை வருகிறாள். அவளால் என்னை மட்டும்தான் பார்க்க முடியும். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. உங்கள் தம்பியைத் தனியாக விட முடியாது. விபத்துக்குப் பிறகு இந்த இரண்டு வருடமாக நான் ஒரு பொழுதும் விட்டதில்லை. நான் எழுந்து நடமாடும்வரை நீங்கள்தான் அவரைக் குற்றாலத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நான் பேசினால் பக்கத்திலேயே நின்று கேட்பார், நீங்கள் கூப்பிட்டு மணி அடித்தால் அவர்தான் எடுக்கிறார். அடிக்கிற போனை எடுக்காமல் இருக்க அவரால் முடியாது. அதனால்தான் தபால்.

குழல்வாய்மொழி

---

குற்றாலம்,
17 ஜூன் 2025

குழலுக்கு உலகம்மாள் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே தபால்! ஒரு டவுன் பஸ் ஏறினால் வந்துவிடலாம். தபால்காரரே சிரித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சமையல்கட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சரியாக எழுதிவிட்டாய். பந்தியில் யார் இருந்தார்கள் என்று நான் எழுதட்டுமா? மாப்பிள்ளை செந்தில்வேல், அவன் தாய் தகப்பன், இரண்டு அத்தைமார், மதுரைச் சித்தப்பா. மறுவீட்டுக்குச் சொதி போடாமல் அனுப்பின வீடு நம் ஜனத்தில் உண்டா? சாம்பார் வாங்கி வந்து ஊற்றினேன். பெரிய அத்தைக்காரி, சொதிக்கென்று வைத்த இஞ்சிப் பச்சடியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "இஞ்சி மட்டும் இருக்கு, எங்க அதுக்குச் சோடி?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நீ சாப்பிடாமல் போனாய், நான் சாப்பிட்டேன் என்றா நினைக்கிறாய்?

தம்பி பால்வண்ணன் என் கையில் வளர்ந்தவன். சனிக்கிழமை அவனே போன் செய்தான். முக்கால் மணி நேரம் பேசினான். என் சர்க்கரை மாத்திரை பேர் சொல்லிக் கேட்டான். இங்கே என் லாட்ஜில் எந்த அறையில் குழாய் ஒழுகுகிறது என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. கல்யாணத்தில் யார் எந்தப் பட்டு கட்டினார்கள் என்று சொன்னான். எனக்கே அவ்வளவு ஞாபகம் இல்லை. மூளை கெட்டவன் பேசுகிற பேச்சா இது? விபத்து நடந்தது உண்மை. தையல் பிரித்தாயிற்று, முடியும் முளைத்தாயிற்று. இன்னும் என்ன?

என்னவென்று நான் சொல்கிறேன். வண்டிச் சாவியை ஒளித்து வைத்திருக்கிறாய். வாசலுக்கு உள்பூட்டு. நீ குளிக்கப் போனால் காஸ் சிலிண்டரைக் கழற்றிவிட்டுப் போகிறாயாம், மாடக்கண்ணு சொன்னான். ஆயிரம் பேர் கல்யாணத்துக்குத் தனியாளாக நின்று சமையல் இறக்கியவனைத் தொட்டில் பிள்ளை மாதிரி வைத்திருந்தால் அவன் கை எப்படி ஓடும்?

ஆபரேஷனுக்குப் போ. உன் உடம்போடு எனக்குச் சண்டை இல்லை. அவனை இங்கே அனுப்பு. அத்தான் போனபிறகு லாட்ஜை நான் ஒருத்திதான் பார்க்கிறேன், சீசனுக்கு ஆள் வேண்டும். இங்கே பூட்டு கிடையாது. சமையலை அவன் பொறுப்பில் விடப்போகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நீ அங்கே படுத்துக்கொண்டு போனில் அவனை ஏவக்கூடாது.

திரும்பி வரும்போது பழைய பால்வண்ணனைப் பார்ப்பாய்.

உலகம்மாள்

---

காசி விசுவநாதர் துணை

தென்காசி,
24 ஜூன் 2025

மதினி அவர்களுக்கு வணக்கம்.

அவரை வைத்துக்கொள்வதாக எழுதியதற்கு உங்களுக்குப் புண்ணியம். ஐந்தாம் தேதி பீர் மைதீன் ஆட்டோவில் அனுப்புகிறேன். மாடக்கண்ணுவும் கூட வந்து அங்கே தங்குவான். நான் போனில் ஏவமாட்டேன். அதனால் சொல்லவேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இலஞ்சிக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் வண்டியோடு லாரியின் பின்பக்கத்தில் மோதியபோது அவருக்கு அடிபட்டது நெற்றியில். திருநெல்வேலியில் டாக்டரம்மா ஒரு பரீட்சை வைத்தார். மேசையில் சீட்டுகள். சிவப்பு, பச்சை, மஞ்சள். வட்டம், சதுரம், நட்சத்திரம். நிறம் பார்த்து அடுக்கச் சொன்னார். இவர் மளமளவென்று அடுக்கினார். நடுவில் டாக்டரம்மா நிறுத்தி, "இனி நிறம் வேண்டாம், வடிவம் பார்த்து வையுங்க" என்றார். உங்கள் தம்பி, "சரிங்கம்மா, இனிமே வடிவம்" என்று சொல்லிக்கொண்டே சிவப்பின்மேல் சிவப்பை வைத்தார். "தப்பா வச்சிட்டேன்லா?" என்று சிரித்தார். அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும்.

நான் பக்கத்தில் இருந்தேன். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "ஞாபகமெல்லாம் நல்லா இருக்கே டாக்டர்?" என்று கேட்டேன். "ஞாபகம் வேற இடத்தில இருக்கும்மா. அது கெடலை. தெரிஞ்சதைச் செய்கையில கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம்தான் கெட்டிருக்கு. நெத்திக்கு நேர் பின்னால" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் கீரைக்காரி கூப்பிடுகிறாள், உள்ளே போன் அடிக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நம்மை இழுக்கும். மூளையின் முன்பகுதிதான், பால் முதலில், மற்றதெல்லாம் இரு என்று அடக்கிவைக்கிறது. எதற்காக எழுந்தோம் என்பதைக் காரியம் முடிகிறவரை நழுவாமல் பிடித்திருக்கிறது. பாதியில் காரியம் மாறினால் பிடியை மாற்றிக்கொள்கிறது. நமக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்பதே தெரியாது. அவருக்கு அந்தப் பிடி இல்லை. கண்ணில் படுகிற பொருள் கையை இழுக்கிறது, கை போய்விடுகிறது. இலைக்கட்டைப் பார்த்தால் துடைப்பார். சீப்பைப் பார்த்தால் தலை வாருவார், அது யார் வீட்டுச் சீப்பானாலும்.

அவர் சோம்பேறி இல்லை, திமிர் இல்லை, உங்களை ஏமாற்றவும் இல்லை. பேச்சு கெடவில்லை. அதனால் போனில் உங்களுக்குப் பழைய தம்பி கிடைக்கிறார். போனை வைத்தபின் வீட்டில் இருப்பவரோடு நான் இருக்கிறேன். இந்த இரண்டு வருடமும் கல்யாண வீடுகளில் நீங்கள் பார்த்தது அவர் சமையல் இல்லை மதினி. பின்னால் நின்று, இப்போது இது, அடுத்து அது என்று நான் சொல்லச் சொல்ல நடந்தது. நீங்கள் ஓதுகிறேன் என்றீர்களே, அதுதான். உலகம்மன் சந்நிதியில் நின்று கண்ணை மூடினால்கூட வேண்டுதலுக்கு முன்னால், காஸை மூடினேனா என்பதுதான் வருகிறது. அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று நம்புகிறேன்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அது முடியாமல் அடுத்ததைச் சொல்லாதீர்கள். வேண்டாத பொருளைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். அடுப்படியில் தனியாக விடாதீர்கள். ரோட்டில் நடக்கும்போது கை பிடியுங்கள். வண்டிச் சாவி, கத்தி, கொதிக்கிற எண்ணெய் மூன்றும் அவர் கைக்கு எட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "தெரியுமாலே?" என்று அவரிடம் கேட்காதீர்கள். தெரியும் என்பார். உண்மையாகவே தெரியும். செய்கிறாரா என்று பாருங்கள்.

என்னை நம்பவேண்டாம். இதை மட்டும் செய்யுங்கள்.

குழல்வாய்மொழி

---

குற்றாலம்,
12 ஜூலை 2025

குழலுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று பீர் மைதீன் சொன்னான். இதையும் அவனிடமே கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேச முடியவில்லை, பால்வண்ணன் பக்கத்திலேயே நிற்கிறான். அவனுக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி.

வந்த மூன்று நாளும் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். பண்பொழி மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனேன். எனக்கு மூச்சு வாங்கியது, அவன் பாடிக்கொண்டே ஏறினான். இவனுக்கா ஒன்றும் முடியாது என்றாள் என்று கோயிலில் வைத்தே உன்னை ஏசினேன். இப்போதுதான் தெரிகிறது. அங்கே படி இருந்தது, படி அவனை ஏற்றிவிட்டது.

வியாழக்கிழமை நல்ல சாரல். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் தலை குளிரும், இரண்டு வருடமாக இவள் அவனை அருவிக்கே விடவில்லையே என்று நினைத்தேன். மாடக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு மெயினருவிக்குப் போனோம். ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் படியில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகும்முன் கேட்டேன். நீ கேட்காதே என்று எழுதியதைத்தான் கேட்டேன்.

"ஏலே, தண்ணி கூடுனா விசில் அடிப்பாவ. என்ன செய்யணும், தெரியும்லா?"

"யக்கா, எனக்கே சொல்லித் தாறியா? விசில் அடிச்சாலும் சைரன் அடிச்சாலும் கம்பியப் பிடிச்சு வெளிய வந்துரணும். திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கக்கூடாது."

மாடக்கண்ணு சிரித்தான். "அண்ணாச்சி போலீஸுக்கே பாடம் எடுப்பாவ ஆச்சி."

அரை மணி நேரம் குளித்திருப்பார்கள். சைரன் அடித்தது. போலீஸ்காரர் விசில் ஊதினார். ஆட்கள் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். குழலு, அவன் பாறை ஓரத்தில் நின்றுகொண்டு எல்லாரையும் அனுப்பினான். "வெளிய போங்க, சைரன் அடிக்குதுல்லா, ஏ தம்பி, பிள்ளையத் தூக்கு, கம்பியப் பிடி, போ போ." அருவியில் வேலை பார்க்கிறவன் என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். மாடக்கண்ணுவையும் முதுகில் தட்டி அனுப்பினான். பின்னாலேயே வருகிறான் என்று அவனும் வந்துவிட்டான். நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார் என் தம்பியை என்று.

எல்லாரும் வந்தபிறகு அவன் மட்டும் நின்றான். தண்ணீர் செம்மண் நிறமாக மாறிவிட்டது. "ஏலே, வாலே!" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "வெளிய வரணும்க்கா, ஆமா, வெளிய வரணும்" என்றான். கால் நகரவில்லை. பயமும் இல்லை அவன் முகத்தில்.

மாடக்கண்ணுதான் திரும்ப உள்ளே ஓடினான். இவனைக் கம்பிப் பக்கம் தள்ளிவிட்டான். தண்ணீரோடு வந்த மரக்கிளை ஒன்று மாடக்கண்ணுவை அடித்துப் பாறையில் போட்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறோம். கம்பி வைக்கவேண்டுமாம். இனி அண்டா முன்னால் அவன் நின்று வேலை செய்வது சந்தேகம் என்கிறார்கள்.

நேற்று பால்வண்ணனைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். மாடக்கண்ணுவின் மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தாள். இவன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். "நான் வெளிய வராம நின்னுட்டேன் தாயி. என்னாலதான் இவனுக்கு இடுப்பு போச்சு. பெரிய தப்பு." அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இவன் கையைப் பிடித்தாள். சொல்லி முடித்த மறுநிமிடம், கட்டிலின் கால்மாட்டில் கட்டிலை ஏற்றி இறக்குகிற கைப்பிடி இருந்ததைப் பார்த்துவிட்டான். குனிந்து சுற்ற ஆரம்பித்தான். மாடக்கண்ணு போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் நர்சும் இழுத்துத்தான் நிறுத்தினோம்.

நீ எழுதியது அவ்வளவும் சரி. சமையல்கட்டில் எல்லார் முன்னாலும் உன்னைச் சொன்னேனே, அதற்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஆனால் குழலு, என்னால் முடியாது. நேற்றிலிருந்து அவன் எழுந்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உட்கார்ந்தாலும் அடித்துக்கொள்கிறது. லாட்ஜில் பதினாறு அறை, மாடி, மொட்டைமாடி, ஐந்து அடுப்பு. எனக்கு அறுபத்துமூன்று வயது. நீ வந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடு. வேறு ஆள் பார். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உலகம்மாள்

---

காசி விசுவநாதர் துணை

ஆஸ்பத்திரி, தென்காசி,
14 ஜூலை 2025

மதினி அவர்களுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். உங்கள் கடிதத்தைத் தங்கை வாசித்தாள். அருவி வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். மீதியை நானே படித்துக்கொண்டேன்.

அடுப்பு எழுதினேன், ரோடு எழுதினேன், கத்தி எழுதினேன். அருவியை எழுதவில்லை. குற்றாலத்துக்கு அனுப்புகிறேன் என்று தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நிம்மதியாகப் போய் ஆபரேஷன் மேசையில் படுத்தேன். மாடக்கண்ணுவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவன் இதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் இருக்கிறானாம், தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "மதினி எப்படி இருக்காவ?" என்று என்னைத்தான் கேட்டானாம்.

நீங்கள் நம்பவேண்டும் என்று இரண்டு வருடமாக வேண்டிக்கொண்டேன். நம்பிவிட்டால் என் பாரம் பாதி குறையும் என்று நினைத்திருந்தேன். நம்பாதவரை அவரைத் தைரியமாக வைத்துக்கொண்டீர்கள். நம்பியதும் கூட்டிக்கொண்டு போ என்கிறீர்கள். இதைக் குறையாக எழுதவில்லை. விபத்துக்குப் பிறகு முதல் மாதம் எனக்கும் இதே நெஞ்சடிப்புதான். எனக்கு அனுப்பிவிட இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். தையலில் ஓரிடத்தில் நீர் கோத்திருக்கிறது. ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, குனியக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தங்கைக்குத் திருவேங்கடத்தில் மிளகாய் நாற்று காத்திருக்கிறது, சனிக்கிழமை போகவேண்டும். வேறு ஆள் பார் என்கிறீர்கள். சம்பளத்துக்கு வருகிற ஆள் அவர் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் மயங்கிவிடுவான். மாடக்கண்ணு ஒருவன் இருந்தான்.

அவர் கையைப் பிடித்து இழுக்க இப்போது எனக்கு வலு இல்லை. எந்த நேரத்தில் இழுக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன். நான் தென்காசி வீட்டுக்குப் போகவில்லை, அங்கேயே வந்துவிடுகிறேன். லாட்ஜில் கீழே, படி இல்லாத அறை ஒன்று தாருங்கள். அவரை என் கண்ணெதிரில் உட்காரவையுங்கள். நாற்காலியில் இருந்தபடி நான் சொல்கிறேன், நீங்கள் பிடியுங்கள். மொட்டைமாடிக் கதவுக்கு மட்டும் பூட்டு வேண்டும். பூட்டு கிடையாது என்று எழுதியிருந்தீர்கள், அந்த ஒன்றை விட்டுக்கொடுங்கள்.

சமையல்கட்டில் சொன்னதற்கு என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். அது எனக்கு ஆறவில்லை என்பது உண்மை. ஆறுவதற்காகக் காத்திருக்க இப்போது நேரம் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே ஆறினால் ஆறட்டும்.

ஆறு வாரத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்காதீர்கள். இது சரியாகிவிடும் என்று டாக்டரம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. பழகலாம் என்றுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை என்னை அனுப்புகிறார்கள். ஆட்டோவை எந்தப் பக்கம் திருப்புவது என்று பீர் மைதீனிடம் சொல்லவேண்டும். வியாழக்கிழமைக்குள் பதில் எழுதி அனுப்புங்கள்.

குழல்வாய்மொழி